0.20 மி.மீ. தூண்டில் நரம்பு 8 கிலோ தாங்குமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஊர்க் குளத்தில் மண்புழுவும் மைதா உருண்டையும் வைத்து, சின்ன ஸ்பின்னிங் ரீலில் ஜிலேபி மீனும் கெண்டையும் பிடிக்கிறீர்கள். கடையில் "0.20 மி.மீ., 8 கிலோ" என்று அச்சிட்ட மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு ஒன்று வாங்கினீர்கள். வீசினால் சுருள் சுருளாக வந்து விழுகிறது. கையகல ஜிலேபி இழுத்ததற்கே தூண்டில் முள் கட்டிய இடத்தில் அறுந்துபோகிறது. எந்த பிராண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது பிராண்ட் பெயர்தான். ஆனால் அதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன: உங்கள் மீனுக்கு என்ன தடிமன் போதும், அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா, நடுவில் எங்கும் அறாத நரம்பு ஏன் முடிச்சில் மட்டும் அறுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் எந்தப் பெயர் போட்ட நரம்பையும் நீங்களே எடைபோட்டு வாங்கலாம்.

நான் நாகர்கோவில் பக்கம். மீன்வலை இழை தயாரிக்கும் ஓர் ஆலையின் சோதனைக் கூடத்தில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தேன். இழையை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது, அறுவதற்குமுன் எவ்வளவு நீள்கிறது என்று எழுதி வைப்பதுதான் அன்றாட வேலை. நாங்கள் செய்தது வலைக்கான இழை, தூண்டிலுக்கானது அல்ல. ஆனாலும் இரண்டும் அதே நைலான்தான். ஆகவே நைலானைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்து அளந்தது. மீனைப் பற்றிச் சொல்வது குளத்தங்கரையிலும் மணக்குடிக் காயலிலும் உட்கார்ந்து கற்றது; அதில் உங்கள் ஊர் அனுபவம் வேறாக இருந்தால் உங்கள் அனுபவத்தையே நம்புங்கள்.

முதலில் இந்த நரம்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். உங்கள் முடிச்சு ஏன் அறுகிறது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. நைலான் மணிகளை உருக்கி, சிறு துளைகள் வழியாக இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்து, கீழே தண்ணீர்த் தொட்டியில் குளிரவைப்பார்கள். அப்போது வரும் இழை தடியாகவும் தொளதொளவென்றும் இருக்கும், கையாலேயே இழுத்து நீட்டிவிடலாம். அதைச் சூடாக்கி, மெதுவாகச் சுற்றும் உருளையிலிருந்து வேகமாகச் சுற்றும் உருளைக்கு அனுப்பி நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் உள்ளே குழம்பிக் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசைக்கு வருகின்றன. இழைக்கு வலிமையும் வருகிறது. எவ்வளவு அதிகம் இழுக்கிறார்களோ அவ்வளவுக்கு நேர் இழுவையில் வலிமை கூடும். கூடவே விறைப்பும் கூடும், நீட்சி குறையும், குறுக்காக மடக்கினாலோ நசுக்கினாலோ தாங்கும் சக்தியும் குறையும். முடிச்சு என்பது என்ன? நரம்பு தன்னைத்தானே குறுக்காக நசுக்கிக்கொள்ளும் இடம். ஆக, "மெல்லியது, ஆனால் மகா வலிமை" என்று விற்கும் மலிவு நரம்புகளில் சில, நேராக இழுத்தால் நன்றாகவே தாங்கும். முடிச்சுப் போட்டதும் பொசுக்கென்று போகும். எங்கள் கூடத்தில் ஒரே இழையை நேராக ஒருமுறை, நடுவில் ஒரு சாதா முடிச்சுப் போட்டு ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் இழுப்போம். முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இரண்டாவதைப் பார்த்து முழு லாட்டையும் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு.

இப்போது அந்த 8 கிலோ விஷயம். நரம்பின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் வலிமை நான்கு மடங்காகும். நல்ல நைலான் நரம்பு 0.20 மி.மீ. தடிமனில் இரண்டரை, மூன்று கிலோ தாங்கும். 0.25 என்றால் நான்கு, நாலரை, 0.30 என்றால் ஆறு கிலோ சுமார். மிக உயர்ந்த தர நரம்புகள் 0.20க்கு நான்கு கிலோவை எட்டுவதாகச் சொல்லிக்கொள்கின்றன, அதற்கு மேல் என்றால் சந்தேகப்படுங்கள். 8 கிலோ என்பது நைலானால் முடியாத காரியம், இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. உங்கள் அட்டையில் ஏதோ ஒரு எண் பொய். ஒன்று, கிலோ பொய். அல்லது தடிமன் பொய், உண்மையில் அது 0.35 மி.மீ. நரம்பாக இருக்கும். சுருள் சுருளாக விழுகிறது என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம், ஏனென்றால் தடித்த நரம்புதான் சின்ன ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், அப்படி அடம்பிடிக்கும். ஆனால் யூகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம்.

அதற்கு ஒரு பென்சில் போதும். நரம்பைப் பென்சில்மேல் இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஐம்பது சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய அகலத்தை அளவுகோலால் அளந்து ஐம்பதால் வகுத்தால் தடிமன். உண்மையான 0.20 என்றால் அகலம் 10 மி.மீ. வரும். 15 மி.மீ. வந்தால் உங்களுக்குக் கொடுத்தது 0.30. கல்லூரி ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜ் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். மலிவு நரம்பில் ஓரிடத்தில் 0.22, ஒரு முழம் தள்ளி 0.26 என்று வருவது சாதாரணம். மெல்லிய இடம் எதுவோ அதுதான் முழு நரம்பின் வலிமை.

வலிமையையும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மீட்டர் நரம்பை எடுத்து, மேல் முனையை வழவழப்பான ஓர் உருட்டுக் கம்பியில், அதாவது துடைப்பக் கட்டை பருமனில், ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு அப்புறம் முடிச்சுப் போடுங்கள். சுற்றுகள் பாரத்தை வாங்கிக்கொள்வதால் அந்த முடிச்சில் இழுவை போகாது. ஆய்வகப் பிடிகளும் இதே தத்துவம்தான். கீழ் முனையையும் வாளியின் கைப்பிடிமேல் அதேபோல் சுற்றிக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாளி தொங்கட்டும், உங்கள் கால் அதன் கீழ் இருக்க வேண்டாம். அளவுக் குவளையால் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ. அறுந்ததும் வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதையே மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அடுத்து, நீங்கள் முள்ளுக்குப் போடும் அதே முடிச்சைக் கீழே போட்டு மறுபடி மூன்று முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கேள்விக்கான பதில். முடிச்சோடு முக்கால் பங்காவது நின்றால் நரம்பில் குறையில்லை. பாதிக்குக் கீழே போனால் நரம்போ முடிச்சோ சரியில்லை.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். நைலான் தண்ணீரைக் குடிக்கும் சாமான். நன்றாக ஊறினால் தன் எடையில் எட்டு, ஒன்பது சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது வலிமை பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும், கொஞ்சம் மெத்தென்றும் ஆகும். நாம் மீன் பிடிப்பது தண்ணீரில்தானே, ஆகவே சோதிக்கும் துண்டை இரண்டு மணி நேரம் ஊறவைத்துச் சோதியுங்கள். மீன்பிடி உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற அமைப்பும் நரம்பை ஊறவைத்துத்தான் இழுத்துப் பார்க்கிறது. கடை அட்டையில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த நரம்பின் கணக்கு.

அட்டையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சிலவற்றில் பவுண்டு இருக்கும், ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 450 கிராம். சிலவற்றில் வெறுமனே 1, 2, 3 என்று எண் மட்டும் இருக்கும். அது ஜப்பானிய முறை: எண் 1 என்பது 0.165 மி.மீ., எண் 2 சுமார் 0.235, எண் 3 சுமார் 0.285, எண் 4 என்றால் 0.33. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்படும் பல நரம்புகளில் வலிமையைக் குறைத்தே எழுதுவார்கள், 8 பவுண்டு என்று போட்டிருப்பது 10 பவுண்டுக்கும் தாங்கும், ஆனால் தடிமனாகவும் இருக்கும். நம் ஊர் மலிவுச் சரக்கில் இதற்கு நேர் எதிர். இரண்டு ஸ்பூலைப் பக்கத்தில் வைத்துக் கிலோவை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், தடிமனை ஒப்பிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, முடிச்சுக்கு வருவோம். அறுந்த நுனியை இதுவரை எத்தனை முறை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள்? அடுத்த முறை அறுந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறுந்துபோகவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. சுற்று போதவில்லை அல்லது சரியாக இறுக்கவில்லை. நுனி சொரசொரப்பாக, மேலேயும் கீறல்களோடு இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது. வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் முடிச்சுக்குள்ளேயே நசுங்கி அறுந்தது. இந்த மூன்றாவதுக்குப் பெரும்பாலும் காரணம் சூடு. முடிச்சைக் காய்ந்த நரம்பில் சரக்கென்று இழுத்து இறுக்கும்போது நரம்பும் நரம்பும் உரசி அந்த இடம் சூடாகி மேற்பரப்பு கெடுகிறது. எச்சிலில் நனைத்து, மெதுவாக, சுற்றுகள் வரிசையாக அமரும்படி இறுக்குங்கள். செலவில்லாத வைத்தியம் இதைவிட வேறு கிடையாது. 0.20 நரம்புக்கு கிளிஞ்ச் முடிச்சு (காதில் கோத்த நுனியை நரம்பின்மேலேயே சுற்றி இறுக்குவது) என்றால் ஐந்தாறு சுற்று வேண்டும், மூன்று போட்டால் வழுக்கும். முள்ளின் காது பெரிதாக இருந்தால் பாலோமர் முடிச்சு (நரம்பை இரட்டையாக மடித்துக் கோத்துப் போடுவது) இன்னும் நம்பகமானது, இருட்டிலும் போடலாம். காது இல்லாமல் தலை தட்டையாக அடித்த முள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தத் தட்டையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அது கூராக இருந்து நரம்பை அறுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பழி மட்டும் நரம்பின்மேல் விழும்.

சுருளுக்கு இரண்டு காரணங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று நரம்பின் ஞாபகம்: ஸ்பூலில் மாதக்கணக்கில் சுற்றியிருந்த வட்டத்தை அது மறப்பதில்லை. மெல்லிய, மிருதுவான நரம்புக்கு இது குறைவு. வீசுவதற்குமுன் ஸ்பூலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தாலோ, முப்பது மீட்டரை இழுத்து ஒரு மரத்தில் கட்டி மெதுவாக நீட்டிப் பிடித்தாலோ பெரும்பகுதி போய்விடும். மற்றது முறுக்கு. இது நரம்பின் குற்றமல்ல, நம் குற்றம். நரம்பை ரீலில் ஏற்றும்போது கடை ஸ்பூலைத் தரையில் படுக்கவைத்து, பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தி, நரம்பைத் தொய்வாக விட்டுப் பாருங்கள். தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால் ஸ்பூலைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடி, டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், கிரீச்சென்று சத்தம் போடும்போதும் கைப்பிடியை விடாமல் சுற்றுவது. ஸ்பின்னிங் ரீலில் அப்படிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நானும் முதல் இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன், யாரும் சொல்லவில்லை. ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, முள், ஈயம், தக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடும் வாய்க்காலில் நரம்பை மட்டும் நீளமாக விட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சுற்றி எடுங்கள். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு மி.மீ. குறைத்து நிரப்புவதும் நல்லது.

இனி தடிமன். குளத்தில் தக்கை போட்டு ஜிலேபி, சின்னக் கெண்டை என்றால் ரீலில் 0.20 மி.மீ. தாராளம். தண்ணீர் தெளிந்து மீன் சூதானமாக இருந்தால் முள் கட்டும் நுனி முழத்துக்கு மட்டும் 0.16 அல்லது 0.18 போடுங்கள், எங்காவது சிக்கினால் அங்கேயே அறும், தக்கை திரும்பிவரும். கட்லா, ரோகு விட்ட குளமென்றால் 0.25க்குப் போங்கள், இரண்டு மூன்று கிலோ கட்லா எந்த நேரமும் வந்து மைதாவைத் தின்னும். அல்லியும் தாமரையும் அடைத்த இடமென்றால் 0.28, 0.30, அங்கே ஓடவிட்டுக் களைப்பாக்க இடமில்லை, இழுத்துத்தான் எடுக்க வேண்டும். காயலில் கிழங்கானுக்கும் கரிமீனுக்கும் நான் 0.22 வைத்திருக்கிறேன், சிப்பி ஒட்டிய பாலத்தூண் பக்கம் போனால் மட்டும் முன்னால் ஒரு முழம் 0.30. விரால் இந்தக் கணக்கிலேயே வராது, அதற்கு வேறு ராடு, வேறு நரம்பு. ரீல் இல்லாமல் வெறும் மூங்கில் கம்பில் பிடிப்பவர்களுக்கு ஒரு படி தடிமனாகவே சொல்வேன். அவர்களுக்கு டிராக் கிடையாது, விட்டுக்கொடுக்கக் கம்பின் வளைவும் நரம்பின் நீட்சியும்தான் உண்டு.

மெல்லிய நரம்பு என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் இரையும் தக்கையும் சேர்த்து ஐந்து கிராம்கூட இருக்காது. 0.30 நரம்பு ராடின் வளையங்களில் உரசியும் ஸ்பூலிலிருந்து அவிழ மறுத்தும் அந்த ஐந்து கிராமின் வேகத்தைத் தின்றுவிடும். காற்றடித்தால் தடித்த நரம்பு பாய் மாதிரி காற்றைப் பிடித்துத் தக்கையை இழுத்துக்கொண்டு போகும். மீனுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். கலங்கிய குளத்தில் எந்த நிறமானாலும் ஒன்றுதான் என்பது என் எண்ணம், நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்ததில்லை.

மூன்று கிலோ நரம்பில் பெரிய மீன் தங்குமா என்று பயம் வரும். தண்ணீருக்குள் மீனுக்கு எடை ஏறக்குறைய இல்லை. அது துடுப்பால் உதைக்கும் விசை மட்டும்தான். டிராக்கை நரம்பின் வலிமையில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்தால் போதும். சமையலறைத் தொங்கு தராசை முனையில் மாட்டி இழுத்து, 700, 800 கிராமில் நரம்பு வெளியே வருகிறதா என்று பாருங்கள். கரையில் தூக்கிப் போடும் அந்த ஒரு நொடியில்தான் முழு எடையும், அதோடு மீனின் துள்ளலும் சேர்ந்து நரம்பில் விழுகிறது. உங்கள் ஜிலேபிகள் போனதும் அந்த நொடியிலா என்று யோசித்துப் பாருங்கள். கைவலை ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நைலானுக்குப் பதிலாக ஃப்ளூரோகார்பன் (வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த ஒற்றை இழை), பிரெய்டு (பல இழைகளைப் பின்னிச் செய்தது) பற்றியும் யாராவது சொல்வார்கள். ஃப்ளூரோகார்பன் தண்ணீர் குடிக்காது, நைலானைவிடக் கனம், தண்ணீரில் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆனால் விறைப்பு அதிகம், விலையும் அதிகம். தக்கைத் தூண்டிலுக்கு ரீல் முழுக்க அதை ஏற்றுவது வீண். பிரெய்டு மெல்லியது, வலியது, ஆனால் நீளவே நீளாது. குறுகிய தூரத்தில் மென்வாய் மீனின் உதட்டைக் கிழித்துக்கொண்டு முள் வெளியே வந்துவிடும். நைலானின் நீட்சியைக் குறை என்று சொல்வார்கள். பதினைந்து மீட்டரில் இரை போடும் நமக்கு அது தவறுகளை மன்னிக்கும் ஸ்பிரிங்.

பிராண்ட் பெயர் சொல்லாமல் தப்பிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆலையில் ஒரே நாளில் வந்த இழையிலேயே காலை லாட்டும் மாலை லாட்டும் வேறுபடுவதைப் பார்த்தவன் நான். பெயர்பெற்ற நிறுவனங்களின் அட்டையை அப்படியே காப்பியடித்த போலிகளும் கடைகளில் தொங்குகின்றன. தடிமன், வலிமை இரண்டையும் எழுதியிருப்பதாக, இரண்டும் மேலே சொன்ன கணக்குக்குள் அடங்குவதாக எடுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் ஸ்பூல் வேண்டாம். புற ஊதாக் கதிர் நைலானைத் தின்னும், பளபளப்பு மங்கி வெளுத்த நரம்பு கையில் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் இழுத்தால் போய்விடும். உள்ளே பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் உருவி உதட்டுக்கிடையில் இழுத்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத முண்டும் முடிச்சும் உதட்டுக்குத் தெரியும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. வாங்கிய பிறகும் ராடை பைக்கிலோ மொட்டைமாடியிலோ வெயிலில் விட்டுவைக்காதீர்கள். வாராவாரம் போகிறவர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு மீட்டரை வெட்டிவிட்டு ஆரம்பியுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் போடாமல் பையில் வையுங்கள். நரம்பு காலில் சுற்றி நொண்டிய கொக்கை எங்கள் குளத்தில் இரண்டு முறை பிடித்து அவிழ்த்துவிட்டிருக்கிறேன், இரண்டாவது பிழைக்கவில்லை.

கையில் இருக்கும் அந்த "8 கிலோ" நரம்பைத் தூக்கிப் போட வேண்டாம். ரீலின் அடியில் முக்கால் பங்கு அதையே சுற்றி, மேலே அறுபது மீட்டருக்கு மட்டும் நல்ல 0.20 ஏற்றுங்கள், நம் குளங்களில் அதற்கு மேல் நரம்பு வெளியே போகவே போகாது. இரண்டையும் இணைக்கும் முடிச்சு மட்டும் சின்னதாக இருக்கட்டும். முதலில் பென்சிலில் ஐம்பது சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எத்தனை மி.மீ. வந்தது என்று எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.